முப்பத்திரண்டாம் அட்டை

அம்மா, மன்னிக்க வேண்டும். நீங்கள் கையில் வைத்திருக்கும் புத்தகம் என்னுடையது. ஐயோ, நீட்டாதீர்கள், நான் தொலைத்த பிரதி என்று சொல்லவில்லை. நீங்கள் கடையில் வாங்கியது, உங்களிடமே இருக்கட்டும். அதில் உள்ள சொற்கள் என்னுடையவை என்கிறேன். அட்டையில் வடிவாம்பிகை என்று ஒரு பெயர் போட்டிருக்கிறது. அதைப் பார்க்காதீர்கள். ஒன்பதாம் பாடத்தைப் பிரியுங்கள்.

மதுரையில் நீங்கள் ஏறி எதிரில் அமர்ந்ததிலிருந்து கவனித்துக்கொண்டிருக்கிறேன். எட்டாம் பாடம் வரை விரைவாகப் புரட்டினீர்கள். ஒன்பதில் நின்றுவிட்டீர்கள். எல்லோரும் அங்கே நிற்கிறார்கள். ஸ்பானிஷ் மொழியில் ஒருவரைச் 'செய்' என்று ஏவுவது எளிது. 'செய்யாதே' என்று விலக்குவதற்கு வினைச்சொல் தன் உயிரையே மாற்றிக்கொள்ள வேண்டும். 'பேசு' என்றால் ஆப்லா. 'பேசாதே' என்றால் நோ ஆப்லெஸ். 'உண்' என்றால் கோமே. 'உண்ணாதே' என்றால் நோ கோமாஸ். 'எழுதாதே' என்றால் நோ எஸ்கிரிபாஸ். ஆர் என்று முடியும் வினைகள் விலக்கும்போது 'எ' ஒலியை ஏற்கும். ஏர், ஈர் என்று முடிவன 'ஆ' ஒலியை ஏற்கும். இவ்வளவுதான் இலக்கணம். ஒரு மணி நேரத்தில் கற்றுவிடலாம். அந்தப் பாடத்துக்கு உயிர் கொடுப்பது இலக்கணம் அன்று. கீழே வரிசையாக முப்பத்திரண்டு எடுத்துக்காட்டு வாக்கியங்கள் இருக்கின்றன, பாருங்கள். அவைதான் அந்தப் பாடம். அவை நான் சொன்னவை.

நான் ஆவுடையப்பன். பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியல் பேராசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன். ஒரே கதைப்பாடலை ஊருக்கு ஊர் எப்படி மாற்றிப் பாடுகிறார்கள் என்பது என் துறை. ஸ்பானிய நாட்டிலும் அப்படிப் பாடல்கள் உண்டு என்றறிந்து அந்த மொழியையும் கற்றேன். பிறகு தென் அமெரிக்காவுக்குப் பணிக்குச் செல்லும் கன்னியாஸ்திரிகளுக்கும் குருமாணவர்களுக்கும் மாலை வகுப்பு எடுத்தேன். வடிவாம்பிகை என் மனைவி. இருபத்தைந்து ஆண்டு மனைவியாக இருந்தாள். இப்போது நூலாசிரியை.

அவளுக்கு ஸ்பானிஷ் எப்படித் தெரியும் என்கிறீர்களா? குறுக்கிடாதீர்கள், நானே அதற்கு வருகிறேன். வகுப்புக்கு வேண்டிய பாடத் தாள்களை அவள்தான் எழுதுவாள். கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும். நான் தமிழில் வாக்கியங்களைச் சொல்லுவேன். அவள் அகராதியைப் பார்த்து, வினைகளைத் திருப்பி, ஸ்பானிஷில் எழுதிவைப்பாள். அது எந்திர வேலை. பிழையிருந்தால் வகுப்பில் தெரிந்துவிடும். ஒரு பிழையும் தெரியவில்லை. அதற்காக அது அவளுடைய பாடம் ஆகிவிடுமா? துணி யாருடையது, நெய்த என்னுடையதா, மடித்துக் கொடுத்த அவளுடையதா என்பதுதான் கேள்வி.

அவள் 2011-இல் சென்றாள். காரணம் கூறவில்லை. சென்னையில் கணினி நிறுவனங்களில் ஸ்பானிஷ் கற்பிக்கிறாள் என்று யாரோ சொன்னார்கள். நான் விசாரிக்கவில்லை. பிறகு ஒருநாள் திருநெல்வேலிச் சந்திப்புப் புத்தகக் கடையில் இந்த நூலைக் கண்டேன். ஒன்பதாம் பாடம். முதல் வாக்கியம்: நோ காந்தெஸ் என் லா கொசீனா. அடுக்களையில் பாடாதே. நின்ற இடத்திலேயே மற்றவற்றையும் படித்தேன். ஏழாவது: எனக்கு முன்னால் உண்ணாதே. பன்னிரண்டாவது: உன் தாய்க்கு எழுதாதே. பத்தொன்பதாவது: ஜன்னலைத் திறக்காதே. அத்தனையும் என் வாயிலிருந்து வந்தவை, அம்மா. வரிசைகூட மாறவில்லை. நன்றியுரையில் யார் யாரோ இருந்தார்கள், தேநீர் கொடுத்தவள்வரை. நான் இல்லை.

அன்றே முடிவு செய்தேன், இந்த நூலை இருந்த இடம் தெரியாமல் ஆக்குவது என்று. முதலில் நெல்லையிலும் தென்காசியிலும் நாகர்கோவிலிலும் இருந்த பிரதிகளையெல்லாம் நானே வாங்கிப் பரணில் ஏற்றினேன். கடைக்காரர் 'தெற்கே இவ்வளவு ஓட்டமா' என்று மகிழ்ந்து மேலும் வரவழைத்தார். அவற்றையும் வாங்கினேன். நான்கு மாதத்தில் முதல் பதிப்பு தீர்ந்தது என்று அட்டையில் பெருமையாக அச்சிட்டு இரண்டாம் பதிப்பு வந்தது. அதற்குமேல்தான் எனக்கு விளங்கியது. சரி, வன்மையால் ஆகாது, சான்றால்தான் ஆகும் என்று பெட்டியைத் திறந்தேன்.

இதோ, காலருகில் இருக்கிறதே, இந்தப் பெட்டி. மிதிக்காதீர்கள். இதனுள் என் அட்டைகள். 'விலக்கு மொழிகள்' என்ற தலைப்பில் நான் நாலாயிரம் அட்டைகள் சேர்த்தேன். வெள்ளிக்கிழமை உப்பை இரவல் கொடுக்காதே, படியில் நின்று தும்மாதே என்று ஊர் ஊராகக் கேட்டு எழுதியவை. ஒவ்வொரு அட்டையிலும் ஐந்து இடம் இருக்கும். சொன்ன வடிவம், இடம், சூழல், நாள், கேட்டவர். கடைசி இடம்தான் முக்கியம். கேட்டவர் இல்லாத கூற்றை நான் ஏற்பதில்லை. என் மாணவர்கள் ஏற்கவும் விட்டதில்லை. ஒருவர் தனியே முணுமுணுத்தது வழக்காறு ஆகாது; இன்னொரு காதில் விழுந்தால்தான் அது பேச்சு.

ஊரார் பேச்சைப் பதிவு செய்பவன் தன் பேச்சை விட்டுவிடலாமா? விடக்கூடாது. அது நேர்மையன்று. ஆகவே வீட்டில் நான் சொன்ன விலக்குகளையும் அன்றன்றே எழுதிவந்தேன். மீண்டும் மீண்டும் வருபவற்றை ஒன்றாகத் தொகுத்தேன். முப்பத்தொரு வடிவங்கள் தேறின. கடைசி ஒன்று நீங்கலாக மற்றவற்றைத்தான் பாடத்துக்குக் கொடுத்தேன். இப்போது சொல்லுங்கள், இப்படிச் சான்று வைத்திருப்பவனை எதிர்த்து எந்தத் திருடி தப்ப முடியும்?

பதிப்பகத்துக்குப் புகார் எழுதினேன். அவர்கள் அஞ்சிவிட்டார்கள். இருவரையும் வரச்சொல்லி ஒரு விசாரணை வைத்தார்கள். பதிப்பாசிரியர் மெஹருன்னிஸா என்றொரு பெண்மணி, ஐம்பது வயதிருக்கும், பொறுமைசாலி. எதிர் நாற்காலியில் வடிவாம்பிகை. பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு பார்க்கிறேன். தலைமயிரைக் குட்டையாக வெட்டியிருந்தாள். அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வந்து நிறுத்திக்கொண்டேன்.

பதிப்பாசிரியர், "சார், உங்க புகாரை ஒரு வரியில சொல்லுங்க" என்றார்.

"ஒரு வரி போதாது அம்மா. முப்பத்தொரு வரி" என்று முதல் அட்டையை எடுத்தேன். "சொன்ன வடிவம்: 'ஏளா, அடுப்பங்கரையில நின்னு பாடாத.' இடம்: பாளையங்கோட்டை வீடு. சூழல்: நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். கேட்டவர்: வடிவாம்பிகை."

"இவங்ககிட்டயா சொன்னீங்க?"

"வேறு யாரிடம் சொல்வேன்?"

"என்னிக்காவது ஒரு தடவை கோபத்துல சொல்லியிருப்பீங்க..."

எனக்குச் சுருக்கென்றது. ஒரு முறை கேட்டதை வைத்துக்கொண்டு 'வழக்கு' என்று எழுதுகிற ஆளா நான்? "ஒரு தடவையா? அட்டையின் பின்பக்கத்தைப் பாருங்கள். இருநூற்றுப் பதினான்கு நிகழ்வுகள். கோபம் எதுவும் இல்லை, 'சூழல்' என்ற இடத்தில் கோபம் என்று நான் எங்கும் குறிக்கவில்லை" என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். என் எண்ணிக்கையின் துல்லியம் அவரைத் திகைக்கச் செய்திருக்க வேண்டும்.

ஏழாம் அட்டைக்கு வந்தேன். எனக்கு முன்னால் உண்ணாதே. "நீங்க எத்தனை மணிக்குச் சார் சாப்பிடுவீங்க?" என்று கேட்டார். களப்பணி முடிந்து திரும்ப நான்கும் ஆகும், ஐந்தும் ஆகும் என்றேன். பன்னிரண்டாம் அட்டை. உன் தாய்க்கு எழுதாதே. அதற்கு மூன்று வேற்று வடிவங்கள் உண்டு, மூன்றையும் வாசித்தேன். அவர் தண்ணீர் வரவழைத்துக் குடித்தார். இருபதாம் அட்டை வருவதற்குள் பக்கத்து அறையில் மெய்ப்புப் பார்க்கும் பெண்கள் நான்குபேர் வாசலில் வந்து நின்றுவிட்டார்கள். ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். நாற்பதாண்டுகளில் எந்தக் கருத்தரங்கிலும் எனக்கு அப்படியொரு அவை வாய்த்ததில்லை, அம்மா. ஓர் இருமல்கூட இல்லை.

நான் சற்று மூச்சு வாங்கினேன். வடிவாம்பிகை அப்போதுதான் வாய் திறந்தாள். "வாசிங்க. இன்னும் பதினொண்ணு இருக்கு" என்றாள்.

பாருங்கள், கணக்குக்கூட வைத்திருந்தாள். வாசித்து முடித்தேன். பதிப்பாசிரியர் அவளைப் பார்த்து, "நீங்க என்ன சொல்றீங்க மேடம்? மறுக்கிறீங்களா?" என்றார்.

"எதுக்கு மறுக்கணும்? அம்புட்டும் இவுக சொன்னதுதான். ஒத்த வரிகூட நான் சொந்தமாச் சேக்கல. கோர்ட்டுல கூப்பிட்டாலும் வந்து சொல்லுதேன்."

கேட்டீர்களா? எதிரியே ஒப்புக்கொண்டாள். சான்றின் வலிமை அது. எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. பதின்மூன்று ஆண்டுக் கணக்கு அந்த மேசையில் நேராயிற்று. "நூலைத் திரும்பப் பெற வேண்டும், இல்லையேல் என் பெயர் அச்சில் வர வேண்டும்" என்று மேசையைத் தட்டினேன்.

"பேரைப் போட்டுருங்க மேடம்" என்றாள் அவள். "பேரோட எடமும் வருசமும் சேத்துப் போடுங்க. இவுகளுக்குத் துல்லியம்னா உசுரு."

வாசலில் நின்ற பெண்களில் ஒருத்தி சிரித்தாள். சபை நாகரிகம் தெரியாதவள். வெளியே வரும்போது அந்தப் பெண்களில் மூத்தவர் வடிவாம்பிகையின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். தோற்றவளுக்கு ஆறுதல் சொல்கிறார் என்று நினைத்து நான் ஒதுங்கிக்கொண்டேன். வென்றவன் அங்கே நிற்கக்கூடாது.

நீங்கள் வைத்திருப்பது மூன்றாம் பதிப்புத்தானே? ஒன்பதாம் பாடத்தின் அடியில் பாருங்கள், கட்டத்துக்குள் சிறிய எழுத்தில். நான் மனப்பாடமாகவே சொல்கிறேன். 'இப்பாடத்தின் எடுத்துக்காட்டுகளில் முதல் முப்பத்தொரு வாக்கியங்களும் பேராசிரியர் சு. ஆவுடையப்பன் அவர்கள் 1986 முதல் 2011 வரை பாளையங்கோட்டை இல்லத்தில் இந்நூலாசிரியரிடம் கூறியவை.' முழுப்பெயர். பட்டத்துடன். நூறு பிரதி வாங்கினேன், இம்முறை பரணுக்கு அல்ல. என்னுடன் பணியாற்றியவர்கள் அனைவருக்கும் அந்தப் பக்கத்தில் தாள் செருகிக் கொடுத்தேன். எதிர்வீட்டுக் கணிதப் பேராசிரியைக்கும் கொடுத்தேன். மறுநாளிலிருந்து அவர் என்னைக் கண்டால் கதவைச் சாத்திக்கொள்கிறார். என் பழைய மாணவி ஒருத்தி, கொலம்பியாவில் இருக்கிறாள், கன்னியாஸ்திரி. 'உங்களுக்காக ஜெபிக்கிறேன்' என்று மட்டும் எழுதினாள். பாராட்டு ஒரு சொல் இல்லை. நம்மவர்களுக்குப் பிறர் உயர்வு பொறுக்காது.

ஏன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள்? இன்னும் முடியவில்லை. குறிப்பின் இரண்டாம் வாக்கியத்தை வாசியுங்கள். வேண்டாம், நானே சொல்கிறேன்.

'முப்பத்திரண்டாம் வாக்கியத்தை அவர் ஒருபோதும் கூறியதில்லை.'

இதுதான் அவள் செய்த துரோகம். தோற்றுவிட்டு, போகிறபோக்கில் முதுகில் ஒரு குத்து. ஒருபோதும்! எந்த ஆய்வாளன் ஒருபோதும் என்று எழுதுவான்? 'எனக்குக் கிடைத்த தரவுகளில் காணப்படவில்லை' என்றல்லவா எழுத வேண்டும்? இருபத்தைந்து ஆண்டில் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு நொடியும் அவள் என் பேச்சைக் கேட்டாளா? நான் களப்பணிக்காகத் திண்டிவனத்தில் இருந்தபோது? அவள் உறங்கியபோது? அந்த வாக்கியம் என் தாளில் இல்லை என்பது உண்மை. அவளாக எழுதிச் சேர்த்த இடைச்செருகல். நோ மே தேஹெஸ். என்னை விட்டுப் போகாதே.

அந்த ஒரு வரியை அடிக்கவைக்கத்தான் இன்று சென்னைக்குப் போகிறேன். நான்காம் பதிப்பு அச்சுக்குப் போகிறது. போவதற்குள் அந்த 'ஒருபோதும்' அடிபட வேண்டும். அடிபட்டால் அவள் நூல் முழுவதும் பொய் என்றாகும். ஒரு குறிப்பு பொய்யானால் மற்றவற்றையும் ஐயுறலாம் என்பது எங்கள் துறையின் விதி. இருபத்தைந்து ஆண்டு என் உப்பைத் தின்றுவிட்டு, படிக்கிறவர்கள் முன்னால் என்னைப் பற்றி 'கூறியதில்லை' என்று எழுதியவள், அதைத் தன் கையாலேயே அடித்து எழுத வேண்டும். நான் எதிரில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அதற்குமேல் எனக்கு ஒன்றும் வேண்டாம்.

சான்று இருக்கிறதா என்று கேட்காதீர்கள். இருக்கிறது.

முதலில் முப்பத்தொன்றாம் அட்டையைக் காட்டுகிறேன். கடைசி வாக்கியம். சொன்ன வடிவம்: 'ஏளா, கொடையை எடுத்துட்டுப் போகாத.' குடையைக் கொண்டு போகாதே. நோ யேவெஸ் எல் பாராகுவாஸ். இடம்: தெருவாசல். சூழல்: மழை. நாள்: 2011 நவம்பர் 9. நிகழ்வுகள்: ஒன்று. ஒரு முறை மட்டும் சொன்னதைத் தொகுப்பில் சேர்ப்பது என் வழக்கமில்லை. ஆனாலும் இதைச் சேர்த்தேன். வீட்டில் ஒரே குடை. அது என்னுடையது, மறுநாள் களப்பணி இருந்தது. அவள் கையில் ஒரு பை. வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாள். நான் குடையைச் சொன்னேன். அவள் குடையைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு இறங்கிப் போனாள். நான் உடனே உள்ளே வந்து இந்த அட்டையை எழுதினேன். திரும்பி வாசலுக்குப் போனபோது தெருவில் எவரும் இல்லை.

எப்படி இந்த வாக்கியம் அவள் நூலுக்குப் போயிற்று என்கிறீர்களா? நல்ல கேள்வி. இது என் பாடத்தாளில் இருந்ததில்லை, இருக்க முடியாது. அவள் நினைவிலிருந்து எழுதியிருக்கிறாள். ஓர் எழுத்து மாறவில்லை. விசாரணையில் ஒப்பிட்டுப் பார்த்தேன். நல்ல தகவலாளியாக இருந்திருப்பாள்.

இப்போது இதைப் பாருங்கள். முப்பத்திரண்டாம் அட்டை. மை புதிதாக இருக்கிறதே என்று பார்க்காதீர்கள். தாளும் வேறு, பழைய அட்டைகள் இப்போது கிடைப்பதில்லை. சொன்ன வடிவம் எழுதியிருக்கிறேன். இடம்: தெருவாசல். சூழல்: மழை, குடைக்குப் பிறகு. நாள்: அதே நாள். பதின்மூன்று ஆண்டு கழித்து எழுதுவது முறையா என்கிறீர்களா? பிந்திய பதிவு என்று ஒரு வகை உண்டு. எங்கள் துறையில் ஏற்பார்கள். சிலர் ஏற்பார்கள்.

ஒரு குறை. கேட்டவர். அந்த இடத்தில் அவள் பெயரை எழுதினால் மறுப்பாள். மெஹருன்னிஸா அம்மாள் முதலில் அங்கேதான் விரல் வைப்பார். கேட்டவர் இல்லாத கூற்று கூற்றாகாது, அதை விதித்தவனே நான். மூன்று வாரமாக அந்த ஒரு இடம் காலியாகக் கிடக்கிறது. நெல்லையிலிருந்து மதுரைவரை இதே சிந்தனை. மதுரையில் நீங்கள் ஏறினீர்கள், இந்தப் புத்தகத்துடன், ஒன்பதாம் பாடத்துடன்.

என்ன, அதற்குள் பையை எடுக்கிறீர்கள்? திருச்சியா? வண்டி இன்னும் நிற்கவில்லை, எழுந்துவிடாதீர்கள். நீங்கள் பொய் சொல்ல வேண்டியதில்லை. நான் சொல்லப்போகிறேன், நீங்கள் கேட்கப்போகிறீர்கள், அவ்வளவே. அப்புறம் கேட்டவர் என்று உங்கள் பெயரை எழுதினால் அதில் என்ன பொய்? உட்காருங்கள். முகத்தைத் திருப்பாதீர்கள். அன்று அவள் நின்ற தூரம்கூட ஏறக்குறைய இவ்வளவுதான்.

ஏளா...

பொறுங்கள். தொண்டை கட்டியிருக்கிறது. காலையிலிருந்து பேசிக்கொண்டே வருகிறேன். முப்பத்தொன்றையும் அன்று மேசையில் தங்குதடையில்லாமல் வாசித்தவன் நான். பழகாத சொல், அதனால்தான். வேறொன்றுமில்லை.

ஏளா, என்னய விட்டுட்டுப் போகாத.

கேட்டதா? கேட்டுவிட்டது, உங்கள் முகமே சொல்கிறது. அப்படிப் பார்க்காதீர்கள். நான் சரியாகத்தான் இருக்கிறேன். இதோ பேனா. வண்டி நின்றுவிட்டது, தெரிகிறது, தெரிகிறது. மற்ற நான்கு இடமும் நிரப்பிவிட்டேன் அம்மா. உங்கள் பெயர் என்ன? பெயரை மட்டும் சொல்லிவிட்டு இறங்குங்கள்.